மார்க்கர் எங்கே விழுகிறது என்று பார்த்துப் போடுங்கள்

கொங்குப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் ஃபுட்டேஜ் எடிட்டர் கைக்கு வரும்போது, முதல் நாள் சாயங்காலத்துச் சீர்கள் என்ற சடங்குகளும் மறுநாள் விடியற்கால முகூர்த்தமும் ஒன்றாகச் சேர்ந்தே வரும். இரண்டு மூன்று கேமரா, ஒரு கிம்பல், வசதி இருந்தால் ஹெலிகேம். இணைச்சீர் எந்தக் கார்டில், உருமால் கட்டு எந்த ஃபைலில், மங்கல வாழ்த்துப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஒரு தடவை தேடினால் பரவாயில்லை. டிரெய்லருக்கு ஒரு தடவை, முழு வீடியோவுக்கு ஒரு தடவை, வீட்டுக்காரர் கூப்பிட்டு மாற்றம் சொல்லும்போது இன்னொரு தடவை என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேடுகிறோம்.

மார்க்கர், ரீஜன், சப்கிளிப் மூன்றும் இதற்காகவே இருக்கின்றன. வேகாஸ், பிரீமியர், டாவின்சி ரிசால்வ் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் உண்டு, எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பாதிப் பேர் அரைகுறையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. போட்ட குறி அடுத்த நாள் இடம் மாறி நிற்கிறது, அல்லது காணவே காணோம். இரண்டு தடவை அப்படி நடந்தால் யாருக்கும் நம்பிக்கை போய்விடும். உண்மையில் அந்தக் குறி எங்கும் போகவில்லை. நாம் நினைத்த இடத்தில் விழாமல் வேறு ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது.

மார்க்கர் ஒரு ஃப்ரேமைக் குறிக்கும். ரீஜன் ஒரு ஆரம்பத்தையும் முடிவையும் சேர்த்துக் குறிக்கும். வேகாஸில் இதற்கு ரீஜன் என்றே பெயர். பிரீமியரிலும் டாவின்சி ரிசால்விலும் மார்க்கருக்கு நீளம் கொடுத்தால் அதுவே ரீஜன். சப்கிளிப் என்பது ஒரு நீளமான கிளிப்பின் ஒரு துண்டைத் தனிக் கிளிப் மாதிரி பின்னில் (கிளிப்புகளை வைக்கும் ஃபோல்டரில்) எடுத்து வைப்பது. புதிதாக ஃபைல் எதுவும் உருவாகாது, ஹார்ட் டிஸ்கில் இடமும் பிடிக்காது. தாய் ஃபைலில் இந்த ஃப்ரேமிலிருந்து அந்த ஃப்ரேம் வரை என்ற விவரம் மட்டும்தான் புராஜெக்டில் பதிவாகிறது.

<b>குறி யாருடையது</b>

பிரீமியரில் எம் விசையைத் தட்டினால் மார்க்கர் விழும். எதன் மேல் விழும் என்பது அந்த நேரத்தில் எது செலக்ட் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளிப்பைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் சோர்ஸ் மானிட்டரில் இருந்தால் கிளிப்பின் மேல். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒரு கிளிப் செலக்ட் ஆகியிருந்தால் அப்போதும் கிளிப்பின் மேல். எதுவும் செலக்ட் ஆகாமல் இருந்தால் சீக்வன்ஸின் மேல், அதாவது மேலே இருக்கும் நேரக்கோட்டில். டாவின்சியிலும் இதே வழக்கம்தான்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. டைம்லைனில் தாலி கட்டும் இடத்தில் நிற்கிறீர்கள், கிளிப் செலக்ட் ஆகியிருப்பதைக் கவனிக்காமல் எம் தட்டுகிறீர்கள். குறி கிளிப்பின் மேல் விழுகிறது. பிறகு அந்த ஷாட்டை எடுத்துவிட்டு இன்னொரு கேமரா ஷாட்டைப் போடுகிறீர்கள். பழைய கிளிப்போடு குறியும் போய்விட்டது. தலைகீழாகவும் நடக்கும்: "இந்த ஷாட்டில் கவனம், ஓரத்தில் லைட் ஸ்டாண்ட் தெரிகிறது" என்று குறிப்பு எழுதிய மார்க்கர் சீக்வன்ஸில் விழுந்திருக்கும். ஷாட்டை நகர்த்தினால் குறிப்பு பழைய இடத்திலேயே நின்று, சம்பந்தமில்லாத வேறொரு ஷாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே எம் தட்டும் முன் ஒரே கேள்வி: இந்தக் குறிப்பு ஷாட்டைப் பற்றியதா, நிகழ்ச்சியின் நேரத்தைப் பற்றியதா? அவுட் ஆஃப் ஃபோகஸ், மைக் சத்தம், நல்ல சிரிப்பு, யார் முகம் தெரிகிறது என்பதெல்லாம் ஷாட்டைப் பற்றியவை. கிளிப் மார்க்கராகப் போடுங்கள், முடிந்தவரை டைம்லைனுக்குக் கொண்டுவரும் முன்பே சோர்ஸில் போடுங்கள். பாட்டு மாறும் இடம், டைட்டில் வரவேண்டிய இடம், யூடியூப் சாப்டர், வாடிக்கையாளர் கேட்ட திருத்தம் எல்லாம் நேரத்தைப் பற்றியவை. டைம்லைனின் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்து செலக்‌ஷனை நீக்கிவிட்டு எம் தட்டுங்கள்.

எம் விசையை இரண்டு தடவை தட்டினால் பெயர், குறிப்பு, நிறம், நீளம் எல்லாம் கேட்கும் பெட்டி திறக்கும். இது பிரீமியர், டாவின்சி இரண்டுக்கும் பொது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மார்க்கரை இழுத்தால் அது நீண்டு ரீஜனாகும். இதுவும் இரண்டுக்கும் பொது. அடுத்த மார்க்கருக்குத் தாவ பிரீமியரில் ஷிப்ட் எம், முந்தையதற்கு கண்ட்ரோல் ஷிப்ட் எம். டாவின்சியில் ஷிப்டோடு கீழ் அம்பு, மேல் அம்பு. எடியஸில் வி விசை. அங்கே மார்க்கர் பேலட்டில் சீக்வன்ஸ் மார்க்கர், கிளிப் மார்க்கர் என்று தனித்தனியாகக் காட்டும் என்பதால் எது எங்கே விழுந்தது என்பது பார்த்த உடனே தெரியும்.

டாவின்சியில் ஃபிளாக் என்று ஒன்று இருக்கிறது, ஜி விசை. மார்க்கரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபிளாக் மீடியா பூலில் இருக்கும் மூலக் கிளிப்பின் மேல் ஒட்டுகிறது. அந்தக் கிளிப்பை டைம்லைனில் பத்து இடத்தில் வெட்டிப் போட்டிருந்தால் பத்திலும் ஃபிளாக் தெரியும். ஒரு குறிப்பிட்ட ஃப்ரேமுக்கு ஃபிளாக் பயன்படாது. ஆனால் "இந்த ஃபைல் முழுக்க ஒயிட் பேலன்ஸ் தவறு" என்று சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

<b>சீர் வாரியாக லாகிங்</b>

லாகிங் என்றால் எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைப்பது. முதலில் கார்டை முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஏவிசிஎச்டி கேமராவிலிருந்து வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், நீளமான ஷாட் பல துண்டாகப் பிரிந்திருக்கும்போது அவை ஒன்றின் தொடர்ச்சி இன்னொன்று என்ற தகவல் போய்விடும். ஃபோல்டர் அமைப்போடு அப்படியே எடுத்தால்தான் சாஃப்ட்வேர் அதை ஒரே கிளிப்பாகக் காட்டும். பழைய கேமராக்களில் ஃபாட் 32 கார்டு என்றால் 4 ஜிபி தாண்டும்போது ஃபைல் உடையும். ஒரு சப்கிளிப் ஒரே கிளிப்புக்குள்தான் இருக்க முடியும், இரண்டு ஃபைலுக்கு நடுவில் பாலம் போடாது. மங்கல வாழ்த்து பாதியில் ஃபைல் மாறிவிட்டால் அதைச் சப்கிளிப் ஆக்கப் பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரு டைம்லைனில் அடுத்தடுத்து வைத்து, இன், அவுட் குறித்து, பிரீமியரில் ஷிப்ட் யூ தட்டி சப்சீக்வன்ஸ் ஆக்குங்கள். டாவின்சி என்றால் டைம்லைனில் நீள மார்க்கர் போதும்.

பிறகு ஒவ்வொரு சீருக்கும் ஒரு ரீஜன். சீர் வரிசை குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் போன கல்யாணத்துப் பட்டியலை அப்படியே ஒட்டாமல், நடந்த வரிசையில் போடுங்கள். பெயர் தெரியாத சீர் வந்தால், சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் மைக்கில் சொல்வதைக் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரைக் கேட்டு எழுதுங்கள். "சடங்கு 4" என்று போட்டு வைத்தால் பிறகு அந்தக் குறியால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

மங்கல வாழ்த்தை ஒரே ரீஜனாக முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே வெட்டக்கூடிய இடங்களுக்குத் தனி மார்க்கர் போடுங்கள். பாடுபவர் ஒரு வரியை முடித்ததும் மேளத்தில் ஒரு தட்டு விழும். கேமரா மாற்றுவதற்கும், நேரம் குறைக்கவேண்டி வந்தால் வரிகளை எடுப்பதற்கும் அந்தத் தட்டுத்தான் சரியான இடம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குரல் அடங்கி ஒரு கூர்முனை எழுவது கண்ணுக்கே தெரியும். மார்க்கரை அந்தக் கூர்முனைக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் பின்னால் வையுங்கள். தட்டுக்கு முன்னால் வெட்டினால் வரி தொங்கலில் நிற்கும், தட்டின் மேலேயே வெட்டினால் அடுத்த துண்டின் ஆரம்பத்தில் டப் என்று ஒரு அறுந்த சத்தம் வரும்.

அடுத்து முகங்கள். வீடியோ கொடுத்த பிறகு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: "ஏனுங்ண்ணா, எங்க அப்பிச்சி வந்ததே வீடியோவுல இல்லீங்களே?" சமாளிக்க ஒரே வழி, லாகிங் செய்யும்போதே சொந்தக்காரர் வரும் இடங்களுக்கு ஒரு நிறம் ஒதுக்குவது. குறிப்பில் "தாத்தா" என்று எழுதாதீர்கள். பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலுமாக மேடையில் நான்கு தாத்தாக்கள் வரை நிற்கலாம். "பொண்ணு அப்பிச்சி", "பொண்ணு அப்பாரு", "மாப்பிள்ளை அமுச்சி", "மாப்பிள்ளை ஆத்தா" என்று பக்கத்தையும் உறவையும் சேர்த்து எழுதினால் (அப்பிச்சி, அமுச்சி அம்மா வழித் தாத்தா, பாட்டி; அப்பாரு, ஆத்தா அப்பா வழி), போன் வந்த நிமிஷமே மார்க்கர் பேனலின் தேடல் பெட்டியில் போட்டு எடுத்துவிடலாம். அந்த ஆள் உண்மையாகவே ஃப்ரேமில் வரவில்லை என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நிறங்களை நான்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சீர் எல்லைக்கு ஒன்று, சொந்தக்காரருக்கு ஒன்று, நல்ல ஷாட்டுக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று. பிரீமியரில் எட்டு நிறம், டாவின்சியில் பதினாறு. இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்தினால் அடுத்த வாரமே எந்த நிறம் எதற்கு என்பது மறந்துபோகும். ஃபைனல் கட் புரோவில் நிறத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சாதா மார்க்கர் நீலம், செய்யவேண்டிய வேலை சிவப்பு, முடிந்தது பச்சை, சாப்டர் ஆரஞ்சு என்று வகையோடு சேர்ந்து வரும்.

தமிழில் எழுதுவதில் இரண்டு சிக்கல் வரும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் டைட்டில் அடித்துப் பழகியவர்கள் அதே எழுத்தை மார்க்கர் பெட்டியில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பெட்டியில் எழுத்துருவை மாற்ற வழி கிடையாது. மார்க்கர் பெயர் யூனிகோடில்தான் இருக்கவேண்டும். இரண்டாவது, குறிப்பை எழுதிவிட்டு விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டால் எம், ஐ, ஓ எதுவும் வேலை செய்யாமல் சாஃப்ட்வேர் உறைந்துவிட்ட மாதிரி தோன்றும். ரீஸ்டார்ட் செய்யும் முன் டாஸ்க்பாரில் மொழியைப் பாருங்கள். வேகமாக லாகிங் செய்யும்போது நான் சொல்லும் முறை இது: முதல் ஓட்டத்தில் எம் மட்டும் தட்டிக்கொண்டே போய்விட வேண்டும், எழுத நிற்கக் கூடாது. இரண்டாவது ஓட்டத்தில் மார்க்கர் பேனலைத் திறந்து, தமிழ் விசைப்பலகைக்கு மாறி, வரிசையாகப் பெயர் வைக்கலாம்.

<b>சப்கிளிப்பில் டிஸால்வ் ஏன் மறுக்கிறது</b>

பிரீமியரில் சோர்ஸ் மானிட்டரில் ஐ, ஓ விசைகளால் ஆரம்பமும் முடிவும் குறித்து கண்ட்ரோல் யூ தட்டினால் சப்கிளிப் பெட்டி திறக்கும். பெயர் கேட்கும். அதன் கீழே, டிரிம்மை சப்கிளிப் எல்லைக்குள் கட்டுப்படுத்தவா என்று ஒரு டிக் இருக்கும். அந்தச் சின்ன டிக்தான் பிறகு தலைவலி. அது போட்டிருந்தால் நீங்கள் குறித்த ஐக்கு முன்னாலும் ஓவுக்குப் பின்னாலும் ஒரு ஃப்ரேம்கூட கிடைக்காது. தாய் ஃபைலில் நிறைய இருந்தாலும் சப்கிளிப்புக்கு அது தெரியாது.

இப்போது இரண்டு சப்கிளிப்புக்கு நடுவில் ஒரு வினாடி டிஸால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாக மாறுவது) போடுகிறீர்கள். 25 ஃப்ரேம் டிஸால்வ் வெட்டின் நடுவில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பக்கமும் 12, 13 ஃப்ரேம் கூடுதலாக வேண்டும். முதல் கிளிப் வெட்டைத் தாண்டி அவ்வளவு ஓடவேண்டும், இரண்டாவது அவ்வளவு முன்னாலேயே ஆரம்பிக்கவேண்டும். அந்தக் கூடுதல் ஃப்ரேம்கள், அதாவது ஹேண்டில், இல்லாததால் பிரீமியர் போதிய மீடியா இல்லை என்று சொல்லி, கடைசி ஃப்ரேமை உறையவைத்து ஒப்பேற்றும். ஓடிக்கொண்டிருந்த ஷாட் அரை வினாடி சிலை மாதிரி நிற்பது அதனால்தான். ரெண்டரில் பிழை என்று நினைத்து கேஷை அழித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

இரண்டு வழி இருக்கிறது. சப்கிளிப் உருவாக்கும்போதே அந்த டிக்கை எடுத்துவிடலாம். அல்லது ஐ, ஓ குறிக்கும்போதே இரண்டு பக்கமும் இரண்டு வினாடி தாராளமாக விட்டுக் குறிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் டிஸால்வை எப்போது எங்கே போட்டாலும் ஹேண்டில் தயாராக இருக்கும், வேறொருவர் கைக்குப் போனாலும் சிக்கல் வராது. ஏற்கெனவே இறுக்கமாகக் குறித்தாகிவிட்டது என்றால் கிளிப் மெனுவில் எடிட் சப்கிளிப் என்பதில் ஆரம்பத்தையும் முடிவையும் தள்ளிவைக்கலாம். டாவின்சியில் மீடியா பூலில் சப்கிளிப்பை ரைட் கிளிக் செய்து எடிட் சப்கிளிப் திறந்தால், தாய்க் கிளிப்பின் முழு நீளத்தையும் பயன்படுத்தும்படி ஒரு டிக் இருக்கும்.

டாவின்சியில் இன்னொரு நல்ல வசதி. சோர்ஸ் கிளிப்பில் நீள மார்க்கர்களாகப் போட்டுக்கொண்டே போய்விட்டு, மீடியா பூலில் அந்தக் கிளிப்பை ரைட் கிளிக் செய்து, நீளம் உள்ள மார்க்கர்களை சப்கிளிப்பாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் ஒரே அடியில் சப்கிளிப் ஆகிவிடும். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய ஸ்டேஜ் கேமராவுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. மார்க்கருக்கெல்லாம் பெயர் வைத்த பிறகு மாற்றுங்கள், அதுதான் முக்கியம்.

தாய் ஃபைல் வேறு டிரைவுக்குப் போய்விட்டால் சப்கிளிப்பும் ஆஃப்லைன் ஆகும். அப்போது சப்கிளிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து ரீலிங்க் செய்யாதீர்கள். தாயை முதலில் இணைத்துவிட்டுப் பாருங்கள்.

மொபைலில் எடுத்த வீடியோவுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அதன் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் நிலையான 25க்கு மாற்றிவிட்டு, பிறகு மார்க்கர் போடுங்கள். போட்ட பிறகு மாற்றினால் குறிகள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

<b>வெட்டினால் மார்க்கர் நகருமா</b>

டைம்லைனின் நடுவில் இரண்டு நிமிஷத்தை ரிப்பிள் டெலீட் செய்கிறீர்கள். பின்னால் இருக்கும் கிளிப் எல்லாம் இரண்டு நிமிஷம் முன்னால் வந்துவிடும். சீக்வன்ஸ் மார்க்கர்கள்? பிரீமியரில் மார்க்கர்ஸ் மெனுவில் ரிப்பிள் சீக்வன்ஸ் மார்க்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால் கூடவே வரும், இல்லையென்றால் பழைய நேரத்திலேயே நிற்கும். டாவின்சியில் ரிப்பிள் டைம்லைன் மார்க்கர்ஸ். வேகாஸில் ஆட்டோ ரிப்பிள் மூன்று வகையாக இருக்கிறது. பாதிக்கப்பட்ட டிராக்கை மட்டும் நகர்த்தும் வகையைத் தேர்ந்தெடுத்தால் மார்க்கரும் ரீஜனும் அசையாது. அவையும் வரவேண்டும் என்றால் மார்க்கர்களையும் ரீஜன்களையும் சேர்த்துச் சொல்லும் வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

எப்போதும் ஆன் செய்து வைப்பதும் சரியில்லை. பாட்டுக்கு ஏற்ப டிரெய்லர் வெட்டும்போது தாளத்துக்குத் தாளம் மார்க்கர் போட்டிருப்பீர்கள். பாட்டு நகரவில்லை, மேலே ஷாட்டுகளை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது ரிப்பிள் ஆன் ஆகியிருந்தால் தாளக்குறிகள் எல்லாம் பாட்டை விட்டு விலகிப் போய்விடும். இன்னும் பாதுகாப்பான வழி, தாளக்குறிகளை சீக்வன்ஸில் போடாமல் பாட்டுக் கிளிப்பை செலக்ட் செய்து அதன் மேலேயே போட்டுவிடுவது. பாட்டு எங்கே போனாலும் தாளமும் கூடப் போகும்.

<b>ரேக்ளாவும் ஒலியின் வேகமும்</b>

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் எடுப்பவர்களுக்கு ரீஜன்தான் உயிர். 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஓட்டங்கள் நாள் முழுக்க ஓடும். ஒவ்வொரு ஓட்டமும் சில வினாடிதான், நடுவில் காத்திருப்புத்தான் அதிகம். வண்டிக்காரர் ஒவ்வொருவரும் தன் ஓட்டத்தைத் தனி ஃபைலாகக் கேட்பார்.

வேகாஸில் ஒவ்வொரு ஓட்டத்தின் நீளத்தையும் செலக்ட் செய்து ஆர் விசையைத் தட்டி, டோக்கன் எண்ணைப் பெயராகப் போட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் டூல்ஸ் மெனுவில் ஸ்கிரிப்டிங், அதில் பேட்ச் ரெண்டர், அங்கே ரீஜன்களை ரெண்டர் செய் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ரீஜனும் தனி ஃபைலாக இறங்கும். முதலில் இரண்டு ரீஜன் மட்டும் வைத்து ஓட்டி, ஃபைல் பெயர் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மீதியை விடுங்கள். டாவின்சியில் நீள மார்க்கரை வைத்து அப்படி நேராக இறக்க முடியாது. ஓட்டங்களைத் தனித்தனிக் கிளிப்பாக வெட்டி வைத்து, டெலிவர் பக்கத்தில் இண்டிவிஜுவல் கிளிப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிரீமியரில் சப்கிளிப்புகளை மொத்தமாகச் செலக்ட் செய்து மீடியா என்கோடரின் வரிசைக்கு அனுப்பலாம்.

இரண்டு கேமரா இருந்தால் ஒத்திசைவில் ஒரு பொறி இருக்கிறது. ஆரம்பக் கோட்டில் ஒன்று, முடிவுக் கோட்டில் ஒன்று. ஆடியோவை வைத்துத் தானாக சிங்க் செய்தால் தவறாகத்தான் வரும், சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்தாலும்கூட. ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஆரம்பக் கோட்டில் எழும் சத்தம் 200 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு வந்து சேர ஏறக்குறைய 0.59 வினாடி, 25 ஃப்ரேம் டைம்லைனில் 15 ஃப்ரேம். மாடு கோட்டைத் தாண்டும் நேரத்தைக் காட்டும் வீடியோவில் 15 ஃப்ரேம் பிழை என்றால் சண்டையே வரும். இரண்டு கேமராவுக்கும் தெரியும் ஒரு கணத்தைப் பிடியுங்கள். கொடி கீழே இறங்கத் தொடங்கும் ஃப்ரேம் நல்ல தேர்வு. இரண்டு கிளிப்பிலும் அந்த ஃப்ரேமில் ஒரே பெயரில் கிளிப் மார்க்கர் போடுங்கள். பிரீமியரில் மல்டி கேமரா சோர்ஸ் சீக்வன்ஸ் உருவாக்கும் பெட்டியில் சிங்க் செய்யும் வழிகளில் கிளிப் மார்க்கர் என்பதும் ஒன்று, அதைத் தேர்ந்தெடுங்கள்.

மண்டபத்திலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் குறைவு. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்கு இரண்டு ஃப்ரேமுக்குக் கொஞ்சம் மேல் தாமதம் இருக்கும். குளோஸ்-அப்பில் உதட்டசைவு பார்த்தால் கண்ணுக்குத் தட்டும். ஜமாப் மேளம் உச்சத்தில் இருக்கும்போது எல்லா மைக்கும் உடைந்து ஒரே சுவர் மாதிரி பதிவாகியிருக்கும், ஆட்டோ சிங்க் சில சமயம் தோற்றே போகும். அப்போது ஸ்டில் கேமராவின் ஃபிளாஷ் கைகொடுக்கும். ஃபிளாஷ் ஒன்று அல்லது இரண்டு ஃப்ரேமில்தான் தெரியும், ரோலிங் ஷட்டர் கேமராவில் ஃப்ரேமின் மேல் பாதியில் மட்டும் அல்லது கீழ்ப் பாதியில் மட்டும் வெளிச்சம் விழும். அது முதலில் தென்படும் ஃப்ரேமில் மார்க்கர் வையுங்கள். அடுத்தடுத்து நிறைய ஃபிளாஷ் விழும் இடத்தைத் தவிர்த்து, தனியாக ஒன்று விழுந்த இடத்தைத் தேடுங்கள்.

<b>ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும்போது</b>

கோபியில் ஷூட், ஈரோட்டில் எடிட்டிங், கலர் கோயமுத்தூரில் என்று ஒரே கல்யாணம் மூன்று கை மாறுவது சகஜம். ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் ஏறிப் போய்விடும். அதோடு மார்க்கர் போய்ச் சேருமா?

பிரீமியரில் மீடியா பிரிஃபரன்ஸில், கிளிப் மார்க்கர்களை எக்ஸ்எம்பியில் எழுது என்று ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால் மார்க்கர் ஃபைலோடோ அதன் பக்கத்தில் ஒரு சின்ன துணை ஃபைலிலோ எழுதப்படும். வேறொருவர் புதிய புராஜெக்டில் அதே ஃபைலைக் கொண்டுவந்தாலும் மார்க்கர் தெரியும். டிக் இல்லையென்றால் மார்க்கர் புராஜெக்ட் ஃபைலுக்குள் மட்டும் இருக்கும். ஆன் செய்வதில் ஒரு பக்கவிளைவு: ஃபைலின் மாற்றிய தேதி மாறும், பேக்கப் சாஃப்ட்வேர் அதைப் புது ஃபைல் என்று நினைத்து முழுதாக மறுபடியும் காப்பி செய்யும். டிஸ்கை அனுப்பும்போது துணை ஃபைல்களை வேண்டாத குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நிறத்தை நம்பாதீர்கள். எட்டு நிறம் உள்ள இடத்திலிருந்து பதினாறு உள்ள இடத்துக்கும், நிறமே வகையாக இருக்கும் இடத்துக்கும் போகும்போது அது அப்படியே நிற்காது. பொருள் பெயரிலேயே இருக்கட்டும்: "பழுது: மைக் இரைச்சல்", "நல்லது: பொண்ணு சிரிப்பு". டாவின்சியில் டைம்லைனை ரைட் கிளிக் செய்து மார்க்கர்களை இடிஎல் என்ற எழுத்துப் பட்டியலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு மார்க்கருக்கும் நேரக்குறியீடும், அதற்குக் கீழே நிறம், பெயர், ஃப்ரேம் கணக்கில் நீளம் மூன்றும் எழுதியிருக்கும். இதை இறக்கும் டைம்லைன் அதே ஃப்ரேம் ரேட்டில் இருக்கவேண்டும். 25இல் எடுத்ததை 24இல் இறக்கினால் குறிகள் சரியான ஃப்ரேமில் உட்காராது.

வாடிக்கையாளருக்குக் காட்ட பிரீமியரில் ஃபைல் மெனு, எக்ஸ்போர்ட், மார்க்கர்ஸ் என்று போனால் சிறுபடங்களோடு வலைப்பக்கமாகவும் எடுக்கலாம், சிஎஸ்வி ஆகவும் எடுக்கலாம். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து எந்தச் சீர் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய அந்தப் படப்பட்டியல் மிக நன்றாகப் பயன்படும். சிஎஸ்வியை எக்செல்லில் நேராக டபுள் கிளிக் செய்து திறந்தால் சில சமயம் தமிழ் எழுத்து முழுக்கச் சிதைந்து வரும். மார்க்கர் கெட்டுவிட்டது என்று பயப்படவேண்டாம். டேட்டா தாவலில் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து கொண்டுவரும் வழியாகப் போய், எழுத்துக் குறியாக்கத்தை யூனிகோடாக மாற்றினால் சரியாகிவிடும். லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் அதே பட்டியல்தான் சாப்டர். முதல் வரி 0:00இல் ஆரம்பிக்கவேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு சாப்டரும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் சாப்டர் காட்டாது. டாவின்சியில் எடுத்த பட்டியலை அப்படியே ஒட்டினால் நிச்சயம் பிசகும், ஏனென்றால் அங்கே டைம்லைன் இயல்பாகவே 01:00:00:00இல் தொடங்குகிறது. எல்லா நேரத்திலிருந்தும் ஒரு மணியைக் கழித்துவிட்டு ஒட்டுங்கள். அல்லது வேலையை ஆரம்பிக்கும்போதே டைம்லைனை ரைட் கிளிக் செய்து தொடக்க நேரத்தை 00:00:00:00 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மார்க்கர் இடிஎல்லை வேறொருவருக்கு அனுப்பிய பிறகு இதை மாற்றினால் அவரிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒரு மணி நேரம் விலகி நிற்கும், அப்போது புதிய இடிஎல்லையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும்.